பீக்கிங் மாதாவுக்கு ஒரு வெள்ளிக் காது

எங்கள் தெருவில் பிறந்த குழந்தை எதுவானாலும், மூன்று நான்கு மாதம் ஆனதும் எதிர்வீட்டு அம்மாள் வைக்கும் பரீட்சை ஒன்றில் தேறியாக வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரும் சின்னக் கரண்டியுமாக வருவார். தாயின் மடியில் கிடக்கும் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, டம்ளர் விளிம்பில் கரண்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பிள்ளை சத்தம் வந்த பக்கம் கண்ணைச் சுழற்றினால் போதும்.

"கேக்குது. பொயச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்றெல்லாம் மற்றவர்கள் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அவருக்குக் காது ஒன்றுதான் கணக்கு. நான் கடையில் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால், "இன்னா தம்பி, காதுல இன்னா கொயக்கட்டையா வெச்சிருக்க?" என்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தபால்காரர் உட்பட எல்லாருக்கும் அவர் சீனாக்கா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் தம்பி வீட்டின் முன்னறையில் இருந்தார். வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். எதிரே எங்கள் மளிகைக் கடை. என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வைத்தது. நான் பகலில் கடையிலும், மாலையில் தெருமுனை வாசகசாலையில் செயலாளராகவும் இருந்தேன். யுத்தம் முடிந்த வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் குறிப்பேடு எழுதி வருகிறேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல், பெய்த மழை, நடந்த கல்யாணம் எல்லாம் அதில் இருக்கின்றன. தேதி இல்லாத சங்கதி எனக்கு உப்பில்லாத கஞ்சி.

சீனாக்காவோ தேதியே அறியாதவர். எங்கள் சிநேகம் இந்தத் தேதிச் சண்டையில்தான் தொடங்கியது.

சென்னையில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவர், சீனாவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு பீக்கிங் போனபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவரை ஆயாவாக அழைத்துப் போயிருந்தார். "எந்த வருஷம் அக்கா?" என்று நான் கேட்டேன்.

"பையனுக்கு மொத பல்லு கப்பல்ல மொளச்சுது. சிங்கப்பூரு தாண்டி."

"வருஷம்?"

"அத்தான் சொன்னேனே."

பனி முதலில் விழுந்தது மேலே இரண்டு பல்லும் கீழே இரண்டும் இருந்தபோது. ஒட்டகங்கள் நிலக்கரி மூட்டையோடு நகர வாசலுக்குள் நுழைவதைப் பையன் பார்த்து அலறியது கோரைப்பல் காலத்தில். ஊரை விட்டுக் கிளம்பியதை அவர் இப்படிச் சொன்னார்: "இருபது பல்லும் மொளச்சு முடியல, ஜப்பான்காரன் பட்டாளத்தோட வந்துட்டான்."

ஜப்பான் படை அந்த நகருக்குள் நுழைந்தது 1937இன் கோடையில். வாசகசாலையிலிருந்த குழந்தை வைத்தியப் புத்தகம் ஒன்றில் எந்தப் பல் எந்த மாதத்தில் முளைக்கும் என்ற பட்டியல் இருந்தது. அதை வைத்துப் பின்னோக்கி எண்ணினேன். முதல் பனி சரியாகக் குளிர்காலத்தில் வந்து நின்றது; ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. சீனாக்கா பொய் சொல்கிறார் என்று தெருவில் பலர் நினைத்த காலத்திலும் நான் நினைக்காததற்குக் காரணம் அந்தப் பற்கள்தான்.

நான் பீக்கிங் பற்றி இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். அரண்மனையின் பெயர்கள், அரச வம்சங்களின் வரிசை எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய பீக்கிங், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவரின் பீக்கிங். கோட்டை மதில்மேல் ஏறச் சாய்வாக ஒரு பாதை உண்டு. வண்டி தள்ள ஏற்றது, ஆனால் இறங்கும்போது கை நோகும். ஏரி உறைந்தால் அதன்மேல் பலகையில் உட்காரவைத்து இழுத்துப் போவார்கள். வசந்தத்தில் மேற்கேயிருந்து மஞ்சள் புழுதி வரும். பிள்ளையின் மூக்கை ஈரத்துணியால் மூட வேண்டும். குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் தோய்த்த சிவப்புப் பழம் விற்பான். கொடுக்கக் கூடாது, இருமல் வரும்.

"அரண்மனை எப்படி அக்கா இருந்தது?"

"வாசப்படி உயரம் தம்பி. வண்டி ஏறாது."

அந்த வீட்டுச் சமையற்காரனின் பெண்சாதியும் இவரும் சிநேகிதிகள். அவள் சீனத்தில் பேசுவாள், இவர் தமிழில் பேசுவார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. "ஒரு நாளு கூட சண்ட வர்ல தம்பி. எப்டி வரும்? திட்டுனாலும் தெரியாதே!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, நகரின் தென்மேற்கு வாசலருகே உள்ள மாதா கோயிலுக்குப் போவார். "கோயிலு சாம்பக் கலரு. சனங்க எல்லாம் சீனாக்காரங்க. பூச மட்டும் நம்ம பூச, அதே லத்தீனு. அது நமக்கும் புரியாது, அவுங்களுக்கும் புரியாது. அதனால எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம்."

தெருவே அவரைக் கேலி செய்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. பீக்கிங்கில் புறாவின் வாலில் மூங்கிலும் சுரைக்குடுக்கையும் வைத்துச் செய்த சின்ன ஊதலைக் கட்டிவிடுவார்கள். கூட்டமாகப் பறக்கும்போது வானம் முழுக்க ஊதும் என்பார். குழாயடியில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது, "புறாவுக்கு நாயனமா? தவுலு எதுக்குக் கட்னாங்க, காக்காவுக்கா?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அதிகம். ஒருவன் பரீட்சித்தே பார்த்துவிட்டான். தகர ஊதலை வாலில் கட்டி விட்டதில் அவனுடைய முதல் தரப் புறா ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு நாள் பறக்க மறுத்தது. அந்தப் பழியும் சீனாக்காவின் தலையில் விழுந்தது.

அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் அந்தச் சத்தம் அவருக்கு வேடிக்கை அல்ல.

பையனுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிற சமயம், உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. காது போய்விட்டது என்றே டாக்டர் நினைத்தார். ஆனாலும் தினமும் பின்னால் நின்று டம்ளரில் கரண்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னார். சீனாக்கா தட்டிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு ஞாயிறு அந்தக் கோயிலில் முழந்தாளிட்டு, காது திரும்பினால் வெள்ளிக் காது வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

"ஒரு நாள் காலைல, வூட்டு முத்தத்துல எனக்கு முதுகு காட்டி ஒக்காந்து மண்ணு தோண்டிகினு இருந்தான். மேல புறாக் கூட்டம் வந்துச்சு. நான் தல தூக்கறதுக்கு முன்னாடி அவன் தூக்குனான் தம்பி. நான் பாக்கறதுக்கு முன்னாடி அவன் பாத்தான்."

வெள்ளிக் காது செய்வதற்குள் பட்டாளம் வந்துவிட்டது. குடும்பம் அவசரமாக ரயிலேறியது. ராயபுரம் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் தெரு வெள்ளி ஆசாரியிடம் சொல்லிக் காதைச் செய்து வாங்கினார். கட்டைவிரல் நீளம். அது ஒரு பிஸ்கோத்து டப்பாவில் பஞ்சுக்குள் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தது. வேளாங்கண்ணியில் செலுத்திவிடு, எல்லாம் ஒரே மாதாதானே என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார்.

"ஒரே மாதாதான் சாமி. ஆனா கேட்டது அங்க. இங்க குடுத்துட்டா, அது அங்க காத்துகினே இருக்குமே?"

ஆகவே சீனாப் பக்கம் போகிறவர் யார் என்று துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை கப்பல் சமையற்காரர் ஒருவர் வந்தார். தான் இரண்டு முறை பீக்கிங் போனவன் என்று என் கடையில் நின்று பெருமையடித்தார். சீனாக்கா டப்பாவோடு வந்துவிட்டார்.

"அங்க வானத்துல இன்னா கேக்கும்?"

"புறா ஊதும்! அத்த கேட்டு நானே அசந்துட்டேன்" என்றார் அவர் உடனே.

"சரி. எதுல போன?"

"கப்பல்லதான். கரைக்கு நேரா நிறுத்தி, எறங்கி, நேரா அரண்மனைக்குள்ள போய்ட்டோம்."

சீனாக்கா டப்பாவை மூடினார். "பீக்கிங்ல கடலே கெடயாது நைனா. ஒங் கப்பலு எதுல வந்துச்சு, பக்கிங்காம் கால்வாயிலயா? புறா கதைய கொயாயடில கேட்டுட்டு எங்கிட்டயே விக்கிறியே!"

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், தொழிலாளர் நல்லெண்ணக் குழு ஒன்று பீக்கிங்குக்குப் புறப்பட்டது. அதில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்தார்: பாய்லர் பட்டறையில் இரும்புத் தகடுகளைச் சேர்த்து ரிவிட் ஆணி அடிக்கும் சூசை. பெரிய உடம்பு, பெரிய குரல். அந்தப் பட்டறைக்காரர்கள் எல்லாருமே ரகசியத்தைக்கூட உரக்கத்தான் பேசுவார்கள். வேலை நேரத்தில் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடரும்.

சீனாக்கா வெள்ளிக் காதைச் சூசையின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் மூடினார். "தென்மேக்கு வாசலாண்ட. சாம்பக் கலரு. மறந்துடாத."

சூசை அக்டோபர் கடைசியில் திரும்பினார். அடுத்த ஞாயிறு மாலை வாசகசாலையில் அவருடைய பிரயாண அனுபவப் பேச்சு. கூடம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். சூசை எல்லாருடைய வாயையும் பார்த்துப் பார்த்துப் பேசினார். முன்வரிசையில் சீனாக்கா.

"அரமன இன்னா சைசுன்றீங்க? நம்ம பட்டற மாரி நூறு பட்டறய வரிசையா வெச்சு, மஞ்ச ஓடு போட்டா அதான்! நான் சொவுத்த தட்டிப் பாத்தேன். தூணு எல்லாம் மரம். ஒரு ரிவிட்டு கெடயாது! அப்புறம் மொழி சொல்ற பொண்ணாண்ட மூணு நாளு கெஞ்சி அக்கா சொன்ன கோயிலுக்குப் போனேன். அந்தப் பொண்ணு வெளிய நின்னுச்சு, நான் மட்டும் உள்ள போனேன். மணியடிச்சு மெழுகுவத்தி ஏத்துற வயசான கோயில்புள்ள ஒருத்தரு இருந்தாரு. அவுருக்கு என் பாஷ தெரியாது. நான் பட்டறப் பேச்சுல சொன்னேன்." காதைத் தொட்டார், கையைத் தொட்டிலாக்கி ஆட்டினார், கும்பிட்டார். "அவ்ளோதான். புரிஞ்சுக்கினாரு! சிரிச்சாரு. ஒரு நீல நூல்ல கோத்து மாதா காலாண்ட கட்னாரு."

கூடம் கைதட்டியது. சீனாக்கா எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "கோயிலு முத்தத்துல நின்னியா சூச?"

"நின்னேன் யக்கா."

"மேல பாத்தியா?"

"பாத்தேன். புறா கூட்டமா சுத்திகினு இருந்துச்சு."

"இன்னா கேட்டுச்சு?"

சோதிக்கக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் குரலில் இருந்தது.

சூசை யோசித்தார். "ஒண்ணும் கேக்கலியே யக்கா."

பின்னாலிருந்து ஒருவன், "சொம்மா ஊதுச்சுன்னு சொல்லிடேன் மாமு!" என்று கத்தினான். சிரிப்பு.

"கேக்காதத்த கேட்டுச்சுன்னு எப்டிரா சொல்றது?" என்றார் சூசை.

சீனாக்காவின் முகம் சுருங்கியது. "புறா தலமேல பறக்குது, சத்தம் கேக்கலயா? அப்ப நீ அங்க நிக்கவே இல்ல. எங் காத இன்னா பண்ண?" பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டார். வாசகசாலைத் தலைவர் கேட்டுக்கொண்டதால் சூசை இன்னும் அரைமணி நேரம் பேசினார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

மறுநாள் குழாயடியில் சூசையின் மனைவி ரோசி பிடித்துக்கொண்டாள்.

"எம் புருசன் திருடனா? ஒங் காத வித்து நாங்க இன்னா மாளிகையா கட்டிட்டோம்?"

"மாளிகை கட்டிக்கோ. மாதா எங்கிட்டதானே கேக்கும், காது எங்கன்னு."

"ஊதுற புறாவாம்! மொதல்ல ஒன் நாக்க கட்டு!"

தெரு இரண்டாகப் பிரிந்தது. சூசை என் கடைக்கு வருவதையும் நிறுத்தினார். இது நவம்பர் முழுதும் நீடித்தது என்று குறிப்பேடு சொல்கிறது. சீனாக்கா அந்த மாதம் டம்ளரை எடுக்கவே இல்லை. புதிதாக மூன்று குழந்தைகள் பரீட்சைக்குக் காத்திருந்தன.

டிசம்பரில் ஒரு முற்பகல் கடைக்கு வந்தார். "தம்பி, அன்னிக்கு அவன் பேசுனது எல்லாம் எழுதி வெச்சிருக்க இல்ல? படி. கோயிலப் பத்தி எங்கனா பிசகுறானான்னு பாக்கணும்."

நான் படித்தேன். பிசகு எதுவும் அகப்படவில்லை. அவர் வெளியேறிய பிறகு சூசை பேசியதையும் விடாமல் படித்தேன். நான் எழுதியிருந்தது இதுதான்: 'பூங்கா ஒன்றில் ஒரு கிழவர், சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சுரைக்குடுக்கையை எடுத்துச் சூசையின் காதருகே வைத்துக்கொண்டு, வெகுநேரம் புன்னகை செய்தாராம். உள்ளே பார்த்தால் பூச்சி. எதற்கு வைத்தார் என்று தெரியவில்லை, காதுவலிக்கு வைத்தியமாக இருக்கலாம் என்கிறார் சூசை. சபையில் சிரிப்பு.'

"திரும்பப் படி."

படித்தேன்.

"அது பாடுற பூச்சி தம்பி. குளிருக்கு மாருல வெச்சு வளப்பாங்க. சமயக்காரன் கூட வெச்சிருந்தான். அது கத்துனா நாலு அறைக்குக் கேக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "காதாண்ட வெச்சிருக்கான். இவன் காதுவலிக்குன்றான்."

பாட்டுக்காக அங்கே பூச்சி வளர்ப்பார்கள் என்பது நான் படித்த இரண்டு புத்தகங்களிலும் இருக்கிறது. சூசையின் கதையை என் கையாலேயே எழுதியவன் நான். எனக்கு உறைக்கவில்லை.

அவர் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு கண்ணாடி டம்ளரும் கரண்டியும் இரவல் வாங்கிக்கொண்டு நடந்தார். நான் கல்லாவை என் தம்பியிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அன்று பட்டறை விடுமுறை. சூசை வீட்டு முற்றத்தில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ரோசி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்தாள். சீனாக்கா உதட்டில் விரல் வைத்தார். சூசைக்கு ஒரு முழம் பின்னால் நின்று, விளிம்பில் தட்டினார்.

டிங்.

ரோசியின் கை நின்றது. கோழி தலை தூக்கியது. மூலையில் விளையாடிய சின்ன மகள் திரும்பினாள். சூசை ரப்பர்த் துண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் அருகே போய்த் தட்டினார். காதுக்குப் பக்கத்திலேயே தட்டினார். சூசை சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

இருபது வருஷம் இரும்புக்குள் தலையை விட்டு ரிவிட் அடித்த காது. இடியும் மேளமும் எதிரே நின்று உரக்கப் பேசும் பேச்சும் எட்டும். மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் எட்டாது. பட்டறையில் அவரோடு இருந்தவர்களுக்கும் அதே காதுதான் என்பதால் அது ஒரு குறை என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

சீனாக்கா தோளைத் தொட்டுத் திருப்பினார். அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "டேய் சூச! நீ அந்தக் கோயிலுக்குப் போனடா. நீதான்டா ஒயுங்காப் போனவன்."

"இன்னா யக்கா, அழுவுற?"

"புறா ஊதும்னு இந்தத் தெருவுல நாய்க்குக் கூடத் தெரியும். போவாதவன் எல்லாம் ஊதுச்சுன்னான். நீ ஒருத்தன்தான் கேக்கலன்ன. நான் கூறுகெட்டவ, ஒன்னப் போய்..."

ரோசி முறத்தைக் கீழே வைத்தாள். "இரு. பின்னால நின்னு கூப்ட்டா இவுருக்குக் கேக்கவே கேக்காதா? பதினஞ்சு வருசமா நான் கூப்ட்டா திரும்பாதது திமிருன்னு நெனச்சிகினு, தெனம் சண்ட போட்டனே!"

"அது வேறயா?" என்றார் சூசை. "சண்ட போட்டியா?"

முதலில் சிரித்தது சீனாக்கா. பிறகு நாங்கள் எல்லாரும்.

அதே வாரம் அவர் எதிர்ச்சாரியில் வெள்ளி ஆசாரியின் கடையில் ஏறுவதைப் பார்த்து நானும் போனேன். சூசைக்காக வேளாங்கண்ணிக்கு இன்னொரு காது என்று நினைத்தேன். ஆசாரியும் அப்படியே நினைத்தார்.

"காதா அக்கா? பழைய அச்சு இருக்கு."

"காது வேணாம். நாக்கு."

"நாக்கா? யாருக்கு, பேச்சு வராத கொயந்தைக்கா?"

"எனக்கு" என்றார். "இந்த நாக்குதான் ஒரு நல்ல மனுசன சந்தியில வெச்சு திருடன்னுச்சு. பெரிசாவே பண்ணு."

நான் தேதியைக் குறிக்கப் பேனாவை எடுத்தேன். "தேதி எதுக்கு தம்பி? ரோசியோட சின்னதுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்த வாரம்னு எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

அடுத்த செப்டம்பர் திருவிழாவுக்குச் சூசை குடும்பம் வேளாங்கண்ணி போனது. அந்த நாக்கைச் சூசைதான் கொண்டுபோக வேண்டும் என்று சீனாக்கா பிடிவாதமாகக் கொடுத்தனுப்பினார். அவர்கள் திரும்பி வந்த காலை, விசாரணையைப் பார்க்கக் குழாயடியில் குடங்களோடு ஒரு கூட்டமே நின்றது. எங்கே வைத்தாய், யார் வாங்கினார், வானத்தில் என்ன கேட்டது என்று அவர் கேட்கப்போகிறார் என எண்ணி நானும் குறிப்பேட்டோடு கடை வாசலுக்கு வந்தேன்.

சீனாக்கா நேராகச் சூசையின் எதிரே போய் நின்றார். தன் வாய் அவருக்குத் தெரியும்படி முக்காட்டை நன்றாகப் பின்னால் தள்ளினார்.

"சூச," என்றார் உரக்க, "எதனா சாப்ட்டியா?"